சுவிட்சில் தொங்கிய சிவப்புப் பலகை

அன்பு மாப்பிள்ளை முருகேசா,

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். பலகையை நீ மாட்டியிருந்தாய். உன்னோடு வேலை பார்த்த பேச்சியம்மாள் நேற்றுக் காலை திண்டுக்கல்லில் தொழிற்சாலை ஆய்வாளர் முன்னால் உட்கார்ந்து அப்படிச் சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்கிறார். எனக்குச் சொன்னது பேச்சியம்மாளே. வாக்குமூலம் பதிவானது உண்மைதான் என்று அங்கிருந்த எழுத்தரும் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை நான் செய்தியாக எழுத முடியாது. சொந்தக்காரர் விவகாரத்தில் பேனா எடுக்கக் கூடாது என்பது எங்கள் பத்திரிகையில் பழைய வழக்கம். செய்தியை வேறொரு நிருபர் எழுதுவார். கடிதம் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நீ ஃபிட்டர். உன் இடம் ப்ளோரூம். கட்டுக் கட்டாக வரும் பஞ்சைப் பிரித்து, கலந்து, தூசி தட்டுகிற இடம். அங்கே ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே ஆணி பதித்த பட்டை சுழலும். கதவைத் திறந்தால் தானாக நிற்கிற வசதி அந்தப் பழைய மெஷினுக்குக் கிடையாது. அதனால் உள்ளே போகிறவர் வெளியில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் மேல் ஒரு சிவப்புப் பலகையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். ‘உள்ளே ஆள் இருக்கிறார், போடாதே.’ அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும்.

போன வருஷம் ஆயுத பூஜை அன்று நீ உள்ளே இருந்தாய். நல்ல நேரம் பார்த்து வெளியே சுவிட்சைப் போட்டார்கள்.

மில் தானாக ஒரு விசாரணை நடத்தியது. விபத்துக்குப் பிறகு பார்த்தபோது பலகை சுவிட்சில் இல்லை. பக்கத்துச் சுவரில் சும்மா இருக்கும்போது தொங்குமே, அந்தக் கொக்கியில் இருந்தது. ஆகவே நீ மாட்டவில்லை. ஆகவே, ‘தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு.’ இந்த முடிவை ஏற்பதா வேண்டாமா என்று ஆய்வாளரின் விசாரணை இன்னும் நடக்கிறது. உன் மனைவி, என் தங்கை விஜயாவுக்கு அதே மில்லில் நூல் சுற்றிய கோன்களை அடுக்குகிற பிரிவில் வேலை கொடுத்தார்கள். அந்த வார்த்தைகளை எழுதியவர்கள் நடமாடுகிற இடத்துக்கே அவள் தினமும் மில் பஸ்ஸில் போய் வந்தாள்.

அவள் ஒருநாளும் அதை நம்பவில்லை. நானும்தான். மிக்ஸி ஜாரைக் கழுவுவதற்குக்கூட பிளக்கைப் பிடுங்கி இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. “மிக்ஸி என்ன எந்திரிச்சு ஓடிப்போயிருமா? கீழ போடுங்க அத” என்று அவள் கேலி செய்வாள். “யாராச்சும் சொருகிட்டா?” என்பாய். வீட்டில் நீங்கள் இரண்டே பேர். அந்த யாராச்சும் யார் என்று அவள் கேட்டுச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவன் மறந்திருப்பானா? ஆனால் மாப்பிள்ளை, மிக்ஸி பிளக்கைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதே.

உன் சாவுக்குப் பிறகு கோயம்புத்தூரிலிருந்து பாதுகாப்பு ஆலோசகர்கள் வந்தார்கள். மில்லின் ஒவ்வொரு பிரிவாக நடந்து, எங்கே யாருக்கு என்ன ஆபத்து, அது எவ்வளவு பெரியது, எப்படிக் குறைப்பது என்று பார்த்தார்கள். குறை சொல்ல மாட்டேன், உழைத்தார்கள். ப்ளோரூம் இரைச்சலுக்குக் காதடைப்பான் தந்தார்கள். தூசிக்கு முகமூடி. பலகைக்குப் பதில் பூட்டு. உள்ளே போகிறவர் சுவிட்சை அணைத்துத் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்து அவரே திறந்தால்தான் மெஷின் ஓடும். பலகை, வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும். பூட்டு விடவே விடாது.

உன் இடத்துக்கு வந்த ஃபிட்டர் கருப்பையா அதைப் பார்த்துவிட்டு விஜயாவிடம் சொன்னாராம், “ஏத்தா, திண்டுக்கல்காரனுக்குப் பூட்டுன்னா என்னான்னு கோயம்புத்தூர்க்காரன் வந்து சொல்ல வேண்டியதாப் போச்சு பாரு.”

ஆனால் அவர்கள் வந்தது சாதாரண வேலை நாட்களில். பார்த்தது அந்த நாட்களின் ஆபத்துகளை. ஃபிட்டர் பலகையை மறந்துவிட்டார் என்று மில் சொன்னதை வைத்து, மறதிக்கு மருந்து தந்துவிட்டுப் போனார்கள். ஆயுத பூஜை அன்று அந்த மில் எப்படி இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்று எல்லாப் பிரிவு ஆட்களும் ப்ளோரூமில் கூடி நிற்பார்கள், சுவிட்சை முதலாளி தன் கையால் போடுவார், ராகுகாலத்துக்கு முன்னால் போட்டாக வேண்டும் என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. பழியை உன் மேல் போட்டதில் உன் பேர் கெட்டது மட்டுமில்லை மாப்பிள்ளை. அந்த ஆபத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த வருஷப் பூஜையில் அது தெரிந்தது. நான் அங்கே இல்லை. விஜயா, கருப்பையா, பேச்சியம்மாள் மூவரையும் தனித்தனியாகக் கேட்டு, அவரவர் நேரில் பார்த்ததாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் பூசி மாலை போட்டாயிற்று. பூசாரி மணியோடு தயார். முதலாளி வந்துவிட்டார். போன வருஷம் சுவிட்சைப் போட்டதும் அவர் கைதான். அதன்பின் ப்ளோரூமுக்குள் அவர் வந்தது அன்றுதான் என்கிறார்கள். பார்த்தால் சுவிட்சில் கருப்பையாவின் பூட்டுத் தொங்குகிறது. கருப்பையாவைக் காணோம்.

“எங்கய்யா அந்த ஆளு?” என்று மேனேஜர் கேட்டார்.

“சாப்புடப் போயிருப்பாரு சார்” என்றது ஒரு குரல்.

பெட்டிக் கதவுப் பக்கம் போய் இரண்டு பேர் குரல் கொடுத்தார்கள். “கருப்பையாண்ணே! ஏ கருப்பையாண்ணே!” பதில் இல்லை. உள்ளே இருட்டு. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். “உள்ள யாருமில்ல. பூட்டக் கழட்ட மறந்துட்டுப் போயிட்டான். என் டிராயர்ல மாத்துச்சாவி இருக்கு, எடுத்துட்டு வாங்க. செத்த நேரத்துல ராகுகாலம் பொறந்துரும்.”

மாற்றுச்சாவி ஒன்று இருக்கிறது என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. ஒருவர் ஓடினார். கூட்டத்தின் பின்னால் நின்ற விஜயா நடந்து வந்து சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“பூட்டுத் தொங்குதுல்ல சார்?”

“அவன் மறந்துட்டாம்மா.”

“எங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் மறந்துட்டாருன்னீக.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரும்மா, நல்ல நாளும் அதுவுமா… மொதலாளி நிக்கிறாரு. தள்ளிக்க.”

“நல்ல நாளுதான் சார். அவரு வெளிய வரட்டும். நானே தள்ளிக்கிறேன்.”

“அவன் உள்ள இருந்தா சத்தம் குடுக்க மாட்டானா?”

கருப்பையா நிஜமாகவே சாப்பிடப் போயிருந்தால்? எல்லோர் முன்னாலும் ஒரு பைத்தியக்காரியாக நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தாளாம். ஆனாலும் நகர மனசு வரவில்லை என்றாள். அப்போது பேச்சியம்மாள் கையில் துடைப்பத்தோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார். சாவி வந்துவிட்டது. மேனேஜர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தார். முதலாளி பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள்ளிருந்து முதலில் ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. தலை முழுக்கப் பஞ்சோடு கருப்பையா பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்தார். பட்டையின் அடியில் சிக்கியிருந்த பஞ்சைக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாராம். காதில் ஆலோசகர்கள் தந்த அடைப்பான். மெஷின் நின்றபிறகும் பழக்கத்தில் எடுக்கவில்லை. எழுந்து, காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

“என்னப்பா இப்படிப் பாக்குறீக? சுண்டல் தீந்துருச்சா?”

விஜயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, “ராகுகாலம் முடியட்டும்” என்று மட்டும் சொன்னார். இந்த வருஷம் ஒரு மெஷினும் நல்ல நேரத்தில் ஓடவில்லை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம், நீதான் தீர்க்க வேண்டும். காதைக் காப்பாற்றத் தந்த பொருள், ஆளின் காதுக்குக் கூப்பிட்ட குரல் எட்டாமல் செய்துவிட்டது. பூட்டுப் போட்டார்கள், கூடவே மாற்றுச்சாவியும் வைத்தார்கள். ஒரு ஆபத்துக்குப் போடுகிற தடுப்பு இன்னொன்றுக்கு வழிவிடுமா என்று யார் உட்கார்ந்து யோசிப்பது? நீ இருந்தால் யோசித்திருப்பாய். ‘யாராச்சும் சொருகிட்டா?’ என்று கேட்கிற ஒரு ஆள் ஒவ்வொரு பிரிவிலும் வேண்டியிருக்கிறது.

அன்று மாலை மில் பஸ்ஸில் பேச்சியம்மாள் விஜயாவின் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தவர், ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வாயைத் திறந்தார்.

“மாட்டியிருந்துச்சு தாயி.”

“என்னக்கா?”

“போன வருசம். பலக சுவிட்சுலதான் தொங்குச்சு. நாந்தான் எடுத்தேன்.”

மாப்பிள்ளை, அந்த மில்லின் வழக்கம் உனக்குத் தெரியும். எனக்கு இதற்கப்புறம்தான் தெரிந்தது. பூஜை மேடையில் சுத்தியல், ஸ்பேனர், எண்ணெய்க் கேன் எல்லாம் வரிசையாக வைத்துப் பொட்டு இடுவார்கள். சிவப்புப் பலகைகளும் அதில் உண்டு. அவையும் வேலைக்கு உதவுகிற சாமான்தானே? ஒவ்வொரு வருஷமும் எல்லா இடத்துப் பலகைகளையும் திரட்டி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மேடையில் அடுக்குவது பேச்சியம்மாளின் பொறுப்பு. போன வருஷமும் அடுக்கினார். “கொக்கியில தொங்குதா சுவிட்சுல தொங்குதான்னு நா பாக்கல தாயி. எல்லாத்தையும் எடுத்தேன். கும்புடத்தான் எடுத்தேன்.” உன் உயிரைக் காத்துக்கொண்டிருந்த பலகை குங்குமப் பொட்டோடு சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் சாமி கும்பிடப்பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு கூட்டம் பெட்டியை நோக்கி ஓடியபோது, என்ன நடந்தது என்று தெரியாமலே, பூஜை முடிந்தது என்று பலகைகளைத் துடைத்து அதனதன் கொக்கியில் மாட்டியிருக்கிறார். விசாரணையில் பலகை கொக்கியில் கண்டெடுக்கப்பட்ட கதை இதுதான். தெரிந்தபோது பயம் வந்துவிட்டது. ஒரு வருஷம் அந்தப் பயத்தோடு விஜயா சாப்பிடுகிற மேஜையிலேயே சாப்பிட்டிருக்கிறார்.

விஜயா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அப்ப அவரு மறக்கல?”

“மறக்கல தாயி.”

அதன்பின் சில நாள் விஜயா அவரோடு பேசவில்லை. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். ஒரு மதியம் தானாகவே திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்து, “எங்கிட்டச் சொன்னத அந்த ஆபீசர்கிட்டச் சொல்லுவீகளா?” என்று கேட்டாள். பேச்சியம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். புருஷன் இல்லாதவர். அந்த மில் வேலையில்தான் அடுப்பு எரிகிறது. கடைசியில் “வாரேன்” என்றார்.

வாக்குமூலத்துக்கு முந்தின நாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேனேஜரிடம் நானே போனில் கேட்டேன். சாதாரணமாக விசாரித்ததாகச் சொன்னார். பேச்சியம்மாள் சொல்வது இது: “ஒனக்கு இன்னும் எத்தன வருசம் சர்வீஸ் இருக்கு பேச்சி? ஒடம்பு நல்லா இருக்குல்ல? எதையும் யோசிச்சுப் பேசணும், என்ன?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றேதானா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

நேற்றுக் காலை நல்ல மழை. நானும் விஜயாவும் அந்த அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் நின்றோம். வரச் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. பேச்சியம்மாளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“வர மாட்டாகண்ணே.”

“பாப்போம்.”

“அவுக எடத்துல நா இருந்தா வருவேனா? தெரியலண்ணே.”

டீ ஆறிப்போனது. எழுத்தர் ஒருமுறை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இனி வேறொரு நாள் என்றால் அந்த நாள் வருமா, அதற்குள் அவரை யார் யார் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்றெல்லாம் ஓடியது. நிருபர் வேலையில் காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. சொந்தத் தங்கைக்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. முக்காடும் முந்தானையும் நனைந்து பேச்சியம்மாள் இறங்கினார். “பஸ்ஸு நாகல் நகர்லயே நின்னுபோச்சுய்யா, ரோடெல்லாம் தண்ணி. போனுக்குள்ளயும் தண்ணி போயிருச்சு” என்றார். பிறகு விஜயாவைப் பார்த்து, “நீ என்னையத் திட்டவே இல்லியே தாயி” என்றார்.

விஜயா அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள். “திட்டுவேன்க்கா. மொதல்ல கையெழுத்தப் போட்டுட்டு வாங்க.”

அவர் உள்ளே போனார். வெளியே வந்தபோது வெள்ளைச் சேலைக்கரையில் மை பட்டிருந்தது. விஜயா அவருக்கு ஒரு டீ சொன்னாள். இருவரும் குடித்தார்கள்.

பேச்சியம்மாளை என்ன செய்வது மாப்பிள்ளை? அவர் எடுக்காவிட்டால் நீ இருந்திருப்பாய். அவர் பேசாவிட்டால் உன் பேர் போயிருக்கும். இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்கிறார். நீ அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பாய்?

இனி நிலுவையில் இருப்பவை. ஆய்வாளரின் அறிக்கை பொங்கலுக்கு முன் வரும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். ‘சொந்தக் கவனக்குறைவு’ என்பது அதில் இருக்குமா போகுமா என்று யாரும் சொல்லவில்லை. பேச்சியம்மாள் இன்று வேலைக்குப் போனபோது திங்கட்கிழமை வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை. மாற்றுச்சாவி இன்னும் அதே டிராயரில் இருப்பதாகக் கருப்பையா சொல்கிறார். விஜயா ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள் வாயால் சொன்னது இது: “நல்ல நேரத்துக்கு வெளக்க ஏத்துங்க, சூடம் காட்டுங்க. மெஷினு அம்புட்டுப் பேரும் வெளிய வந்தப்பறம் ஓடட்டும். சாமி ஒன்னும் கோவிச்சுக்கிறாது.” மில்லின் பாதுகாப்புக் குழு மாதக் கடைசியில் கூடி அதைப் பேசும் என்கிறார்கள். விஜயா பேச்சியம்மாளைத் திட்ட வேண்டியதும் பாக்கி. அது எப்போது என்று அவளுக்கே தெரியாது.

அறிக்கை எப்படி வந்தாலும் உன் படத்துக்கு முன்னால் நின்று முழுவதும் படிப்பேன். நல்லபடி வந்தால் கூட்டிச் சொல்ல மாட்டேன், இல்லையென்றால் ஒளிக்க மாட்டேன். அடுத்த ஆயுத பூஜை அன்று, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், அந்த மில் கேட்டில் நிற்பேன். உள்ளே போன எல்லோரும் வெளியே வந்தாயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குத் திரும்புவேன்.

இன்று காலை விஜயா மிக்ஸி ஜாரைக் கழுவினாள். பிளக் அவள் இடது கையில் இருந்தது.

உன் மச்சான்,
விஜயாவின் அண்ணன் நடராசன்